அவள் மன்னிப்புக் கேட்கும் இடம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊறிக் கிடந்து ஒருநாள் தானாகப் பொங்கி வந்ததில்லை. ஆர்டர் பிடித்து எழுதுவது. என் அக்கா ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அந்தப் பள்ளியின் ஆண்டு மலருக்குக் கதை வேண்டுமாம். தலைப்பை அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘சினம் தணிந்த சிறுமி’. முடிவையும் கொடுத்துவிட்டார்கள்: சிறுமி தன் தவறைத் தானே உணர்ந்து, மேடையேறி, ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இடையில் இருப்பதை மட்டும் நான் என் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

கேட்டு அனுப்பியது தலைமையாசிரியை. பிள்ளைகள் அவரைப் பெரிய மேடம் என்பார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். அக்கா என் வீட்டுக்கு வந்து தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் விஷயத்தைச் சொன்னாள்.

“ரெண்டு பக்கம் போதும்டா. நல்லபடியா முடிச்சிடு.”

“அந்தப் பொண்ணு மன்னிப்புக் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டான்னு நீதானே சொன்னே?”

“கதைதானே. எழுதேன்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் குடும்பத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அன்றும் வந்தது. வந்த வேகத்தில் “சரி, எழுதறேன்” என்று கத்திவிட்டேன். கோபத்தில் சிலர் மாட்டேன் என்பார்கள், நான் சரி என்று சொல்லி மாட்டிக்கொள்கிற ரகம்.

2

தொடக்கம் ஒன்று: ‘அது ஓர் இனிய காலைப்பொழுது. பள்ளி வளாகத்தில் பறவைகள்…’

போதும். அந்தப் பள்ளியில் பறவை கிடையாது. ஜெனரேட்டர் இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: ‘கோபம் மனிதனின் முதல் எதிரி.’

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். கோபம் எதிரி, கோபம் எதிரி என்று ஓயாமல் சொல்கிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் மேல்தான் யாருக்காவது கோபம் இருக்கும்.

தொடக்கம் மூன்று: ‘ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்குத் தீக்குச்சி என்று பட்டப்பெயர்.’

இது நிற்கிறது. உண்மை என்பதால் நிற்கிறது. ஒல்லியாக இருப்பாள், உரசினால் பற்றிக்கொள்வாள், அதனால் அந்தப் பெயர். பேனாவைப் பிடுங்கினால் கையைக் கடிப்பாள். வரிசையில் முந்தினால் சட்டையைப் பிடித்து இழுப்பாள். ஏற்கெனவே இரண்டு பள்ளிகள் அவளை வேண்டாம் என்று அனுப்பியிருந்தன. ஒருநாள் ஒருவன் அவள் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்ல, அவனுடைய சாப்பாட்டு டப்பாவை ஜன்னல் வழியாக வீசினாள். அது பெரிய மேடத்தின் கார் மேல் விழுந்தது. மாணவர்களுக்குக் கோபத்தை அடக்கும் பயிற்சி அவசரத் தேவை என்பதை நிர்வாகம் அன்றுதான் கண்டுபிடித்தது.*

(* கார் கண்ணாடி உடையவில்லை. உடைந்திருந்தால் பயிற்சி வகுப்பு வந்திருக்காது, நேராக வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இந்தக் கதையும் உங்களுக்கு மிச்சமாகியிருக்கும்.)

3

அந்தப் பயிற்சி வகுப்பை அக்கா தலையில் கட்டினார்கள். அவளுக்குக் குழந்தைகளின் மனம் தெரியும் என்பதற்காக இல்லை. அவளுக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் காலியாக இருந்தது. ஒரு சனி ஞாயிறு எங்கோ அனுப்பிப் பயிற்சி கொடுத்து, ஒரு சான்றிதழும் பிளாஸ்டிக் ஃபைலும் கையில் திணித்தார்கள்.

என் அக்காவின் குறை என்னவென்றால் எதைக் கொடுத்தாலும் ஒழுங்காகச் செய்வாள். மற்றவர்களாக இருந்தால் அந்தப் பீரியடில் பிள்ளைகளைக் கண்ணை மூடி உட்காரச் சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தியிருப்பார்கள். இவள் உண்மையிலேயே கற்றுக்கொடுத்தாள். கோபம் வந்தால் முதலில் நில். மூச்சை இழுத்து விடு. எதனால் கோபம் என்று உனக்குள் பெயர் சொல். பிறகு வாயைத் திற. வாயைத் திறந்தால் இப்படித்தான் பேச வேண்டும்: நீங்க இதைச் செய்யும்போது எனக்கு இப்படி இருக்கு, ஏன்னா இது, இப்படிச் செஞ்சா நல்லா இருக்கும்.

பழகுவதற்கு ஒரு காலி நாற்காலி போட்டாள். யார் மேல் கோபமோ அவர் அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேச வேண்டும். ஒருத்தன் நாற்காலியில் தன் அப்பாவை உட்காரவைக்கவில்லை, அப்பாவின் செல்போனை உட்காரவைத்தான். இன்னொருத்தி தன் தம்பியை உட்காரவைத்துப் பேச ஆரம்பித்து, பாதியில் சூத்திரத்தை மறந்து நாற்காலியை எட்டி உதைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பேசுகிறவளைப் பார்த்துச் சிரித்தால் அடுத்தவன் பேச வர மாட்டான் என்று அக்கா ஓர் ஏற்பாடு செய்தாள். பேசி முடித்ததும் மொத்த வகுப்பும் ஒரே குரலில் “கேட்டுக்கிட்டோம்” என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸாரி கீரி எல்லாம். கேட்டுக்கொண்டேன் என்று எதிராளி சொல்லாமல் யாரும் யாரிடமும் ஸாரி சொல்லக் கூடாது. இந்த இரண்டும் ஃபைலில் இல்லை. அக்கா சொந்தமாகச் சேர்த்தது.

தீக்குச்சிக்கு அது பிடித்துப்போயிற்று. வகுப்பிலேயே நன்றாகச் செய்தவள் அவள்தானாம். கடிப்பதை விட்டாள். இழுப்பதை விட்டாள். வகுப்பறைக்கு வெளியே நின்று மூச்சை இழுத்து விட்டுவிட்டு உள்ளே வருவாளாம். அக்கா என்னிடம் சொல்லும்போது முகமெல்லாம் பல்லாக இருந்தது. “நீயும் கத்துக்கோடா, உனக்குத்தான் முதல்ல வேணும்” என்றாள்.

4

இனி வருவதை நான் பார்க்கவில்லை. அக்காவும் பார்க்கவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசி அவளிடம் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள்.

கணக்கு சார் விடைத்தாள் கொடுக்கும் முறை அந்தப் பள்ளியில் பிரசித்தம். பாஸானவர்களுக்குக் கையில் கொடுப்பார். ஃபெயிலானவர்களின் தாளைக் கரும்பலகைக்கு அடியில் தரையில் போடுவார். வந்து குனிந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும். குனியும்போது அவர் திட்ட மாட்டார், அதற்கு அவசியமும் இல்லை. பல வருஷமாக நடக்கிறது. அப்படிக் குனிந்து எடுத்துப்போன சிலர் இன்று பெற்றோராக வந்து அவருக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அன்று தீக்குச்சியின் தாள் தரையில் விழுந்தது. எழுந்து போனாள். குனியவில்லை. நின்றாள். கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். முன் பெஞ்சுப் பெண் பழக்கதோஷத்தில் தானும் இழுத்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவன் இழுத்தான். பிறகு வகுப்பே இழுத்து விட்டது.

“சார், நீங்க பேப்பரைக் கீழ போடும்போது எனக்குக் கோபம் வருது. ஏன்னா அதுல என் பேர் இருக்கு. கையில குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்.”

கத்தவில்லை. அழவில்லை. எதையும் ஜன்னல் வழியாக வீசவில்லை. கற்றுக்கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் வகுப்பு முழுவதும் ஒரே குரலில், “கேட்டுக்கிட்டோம்.”

கணக்கு சார் டஸ்டரால் மேசையில் ஓங்கி அடித்தார். “என்னடா, எல்லாரும் கூட்டு சேந்துக்கிட்டு என்னை மிரட்டுறீங்களா?” அவள் கையைப் பிடித்து வெளியே தள்ளினார். முழங்கை கதவில் இடித்து வீங்கிவிட்டது. பிறகு அவர் பாடமே நடத்தாமல் ஆசிரியர் அறைக்குப் போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

நடந்த தவறு இவ்வளவுதான். இந்தப் பாடம் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் மட்டும் செல்லும், அதுவும் காலி நாற்காலியிடம் மட்டும் செல்லும் என்று அக்கா பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அவளுக்கே அது தெரியாது.

5

இந்த இடத்தில் எனக்குக் கணக்கு சார் மேல் சந்தேகம் வந்தது. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். ரொம்பத் தட்டையாக இருக்கிறார். வில்லன் மாதிரி மீசை முறுக்கிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு ஒரு கடந்தகாலம் கொடுக்கலாமே என்று ஆரம்பித்தேன்: ‘சிறு வயதில் அவருடைய தாளையும் யாரோ ஒருவர் தரையில்…’

அடித்துவிட்டேன். எழுதுகிற எங்கள் கூட்டத்துக்கு இது ஒரு வியாதி. கையை ஓங்குகிறவனுக்கு உடனே ஒரு சோகமான பால்யத்தைத் தைத்துக் கொடுத்துவிடுவோம். இடி வாங்கியவளுக்கு என்ன கொடுப்போம்? ஒரு நல்ல பாடம்.

நியாயமாக இருக்க வேண்டும் என்றாள் அக்கா. சரி, இருக்கிறேன். பள்ளி முடிந்த பிறகு கணக்கு வராத பிள்ளைகளை உட்காரவைத்து அவர் சொல்லிக்கொடுப்பார், அதற்குப் பைசா வாங்க மாட்டார். அதுவும் உண்மை. அது உண்மை என்பதால் தரையில் கிடந்த தாள் தானாக எழுந்து கைக்கு வந்துவிடாது. ஆசிரியர் அறையில் எல்லோரும் “பாவம், அவருக்கு பி.பி. இருக்கு” என்றார்களாம். ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு யாரும் பி.பி. பார்க்கவில்லை.

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கிறது என்று எனக்கும் தெரிகிறது. எரிச்சல் வந்தால் எனக்குக் கதை கட்டுரையாகிவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது மூச்சை இழுத்து விடுங்கள்.)

6

தீக்குச்சியின் அம்மாவை வரச்சொன்னார்கள். அவர் ஒரு மருத்துவமனையில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் பிரிவில் வேலை செய்கிறார். வேலைக்கு நடுவில் அனுமதி கேட்டு, ஈரம் காயாத கையோடு வந்திருந்தார். அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய மேடம் குரலை உயர்த்தாமல் பேசினார்.

“கத்தியிருந்தா, சின்னப் பொண்ணு, தெரியாம கத்திட்டான்னு விட்டுடலாம். இவ நிதானமா பேசியிருக்கா. அப்போ யோசிச்சுத்தானே பேசியிருக்கா? கிளாஸையே கூட சேத்துக்கிட்டிருக்கா. திங்கட்கிழமை அசெம்பிளில எல்லார் முன்னாடியும் சார்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டும். இல்லன்னா வேற ஸ்கூல் பாத்துக்கோங்க.”

வேறு பள்ளி என்றால் ஊரின் மறுகோடி. அங்கே மகளைக் கொண்டுபோய் விட்டால் அம்மாவால் ஷிஃப்டுக்கு நேரத்தில் போக முடியாது. மூன்று பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட பெண்ணை அந்தப் பள்ளி எடுக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அவளுடைய படிப்பு அந்த மேசைக்கு மேல் இருந்தது. அது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“அவர் கேட்டுக்கிட்டேன்னு சொல்லட்டும், நான் ஸாரி சொல்றேன்” என்றாள் தீக்குச்சி. “மிஸ்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தாங்க.”

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அம்மா மகளின் கன்னத்தில் அறைந்தார். “வாயை மூடுடி! எத்தனை பேர்கிட்ட நான் கெஞ்சறது?” என்று அழுதார். அறைந்ததும் அந்த அறையே லேசாகிவிட்டது என்றாள் அக்கா. பெரிய மேடம் எழுந்து வந்து “கோபப்படாதீங்கம்மா, குழந்தைதானே” என்று அம்மாவின் தோளைத் தட்டினார். பியூனைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் அம்மாவுக்கு. அந்த அறையில் அன்று பெரியவர்கள் யார் வேண்டுமானாலும் கோபப்படலாம், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

“மாட்டேன்” என்றாள் தீக்குச்சி.

அக்கா எனக்கு அதுவரைக்கும்தான் சொல்லியிருந்தாள்.

7

ஆகவே முடிவை நானே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மூன்று எழுதினேன்.

முடிவு அ: ஆர்டரில் உள்ளது. ‘சிறுமியின் கண்களில் நீர் பெருகியது. “என்னை மன்னித்துவிடுங்கள் ஐயா” என்றாள்.’ எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்தேன். வாய் கசந்தது.

முடிவு ஆ: கணக்கு சார் மேடையில் எல்லோர் முன்னாலும் குனிந்து, தரையில் கிடந்த தாளை எடுத்து அவள் கையில் கொடுக்கிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. அதனால்தான் சந்தேகம் வந்தது. இது கணக்கு சாருக்குக் கிடைக்கிற கைதட்டல். ஒரு தடவை குனிந்து பல வருஷக் கணக்கை நேர் செய்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

முடிவு இ: அக்கா பெரிய மேடத்தின் மேசையில் சான்றிதழைப் போட்டுவிட்டு வேலையை உதறிவிட்டு வெளியே நடக்கிறாள், மொத்தப் பள்ளியும்…

அன்று வீட்டுக்கு வந்திருந்த அக்கா இதைப் பின்னாலிருந்து படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “வேலைய விட்டுட்டு உன் வீட்ல வந்து உக்காந்துக்கவா? சோறு போடுவியா நீ? உன் பாத்திரத்தைக் கழுவவே ஆள் இல்ல.” சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போய் என் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள். அவள் அப்படி என் பாத்திரத்தைக் கழுவினால் ஏதோ சொல்ல வருகிறாள் என்று அர்த்தம்.

“அவ கேட்டுட்டாடா” என்றாள், குழாயைத் திறந்துகொண்டு.

“என்ன கேட்டுட்டா?”

“மன்னிப்பு. போன மாசமே, அந்தத் திங்கட்கிழமையே.”

8

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள், நான் கேட்ட மாதிரி.

அசெம்பிளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை அக்கா அவளை அறிவியல் ஆய்வகத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பெரிய மேடம் அந்தப் பொறுப்பையும் இவளிடமே கொடுத்திருந்தார். நீங்க பழக்கினது, நீங்களே சரி பண்ணுங்க என்று. அக்கா முதலில் நியாயம் பேசிப் பார்த்தாள். சார் வயசானவர், மரியாதை, பெரியவர்கள் அப்படித்தான் என்றெல்லாம். தீக்குச்சி ஒவ்வொன்றுக்கும் வகுப்பில் அக்கா சொன்னதையே எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். எதற்கும் மசியவில்லை.

“அப்புறம் என்ன சொன்னே?” என்றேன்.

அக்கா கழுவின தட்டையே மறுபடியும் கழுவினாள். “எனக்காகச் சொல்லுடின்னேன்.”

“அதுக்கு?”

“சரி மிஸ்னுட்டா. உடனே. ஏன்னுகூடக் கேக்கலடா அவ.”

இரண்டு பள்ளி, கன்னத்தில் ஓர் அறை, பெரிய மேடம், அம்மாவின் வேலை போய்விடும் என்ற பயம், எதுவும் அசைக்காத பெண்ணை அந்த ஒரு வார்த்தை அசைத்துவிட்டது. அவள் கோபத்தைக் காது கொடுத்துக் கேட்டது அந்தப் பள்ளியில் ஒரே ஓர் ஆள்தான். அந்த ஆளே வந்து கேட்டால் என்ன செய்வாள் பாவம்.

திங்கட்கிழமை தெளிவாகச் சொன்னாளாம். தடுமாறவில்லை. பள்ளியே கைதட்டியது. கணக்கு சார் அவள் தலையில் கை வைத்து “நல்லா இரும்மா” என்றார், மனதாரத்தான் சொன்னார். பெரிய மேடம் மேடையிலிருந்து இறங்கி வந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கி, “பாத்தீங்களா, உங்க கிளாஸ் எவ்வளவு நல்லா வேலை செய்யுது!” என்றார். அடுத்த வருஷம் ஆறாம் வகுப்புக்கும் உண்டு.

எனக்கு வந்த கோபத்துக்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. என்ன வேடிக்கை பாருங்கள். ஆர்டரில் வந்த பொய்யான முடிவும் நடந்த உண்மையும் ஒரே வாக்கியமாக இருக்கின்றன. அவள் மேடையேறி மன்னிப்புக் கேட்டாள். அதை எழுதினால் நான் பொய் சொன்னவன் ஆவேன், எழுதாவிட்டால் நடந்ததை மறைத்தவன் ஆவேன். ‘தானே உணர்ந்து’ என்ற இரண்டு சொல்லில்தான் மொத்த அயோக்கியத்தனமும் இருக்கிறது. அந்த இரண்டு சொல்லை எடுத்துவிட்டுக் கொடுத்தால் மலரில் போட மாட்டார்கள்.

9

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன், திட்டாதே. கதையிலயாவது அவ சொல்லாம இருக்கட்டும்டா.”

“எது, மன்னிப்பா? உங்க மலர்ல போடவே மாட்டாங்களே.”

“மலருக்கு வேற ஏதாவது எழுதிக் குடு. இது மலருக்கு வேண்டாம். சும்மா நீ எழுதி வை. மைக் முன்னாடி நின்னு, மாட்டேன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிடட்டும்.”

“அப்படி எழுதினா யாருக்கு நல்லா இருக்கும்? அவளுக்கா?”

“எனக்குத்தான்” என்றாள். “எனக்குத்தான்டா. இப்பல்லாம் வெள்ளிக்கிழமை வகுப்புல அவ முறை வந்தா எழுந்து நின்னு, எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல மிஸ்னுட்டு உக்காந்துடறா. சிரிச்சுக்கிட்டேதான் சொல்றா. எனக்கு அதைப் பாக்க முடியல.”

அவளை அணைத்து ஆறுதல் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. “முடியாது” என்றேன். “அவ சொன்னா. நீ சொல்ல வெச்சே. அதை என் பேனாவால அழிச்சுத் தர மாட்டேன்.” அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகுதான், நான் என்னவோ பெரிய நீதிபதி மாதிரி பேசிவிட்டேன் என்று உறைத்தது. அவளுக்கும் கையில் ஒரு வேலை, வீட்டில் ஒரு குடும்பம். அவள் இடத்தில் இருந்திருந்தால் நான் என்ன கிழித்திருப்பேன்? கத்தியிருப்பேன். கத்திவிட்டு, அந்தப் பெண் படிப்பை இழந்து நிற்பதைப் பார்த்திருப்பேன்.

ஆக, பெரிய மேடத்துக்கு ஒரு முடிவு வேண்டும், அக்காவுக்கு ஒரு முடிவு வேண்டும். இரண்டையும் நான் தரப்போவதில்லை. கதையை இந்த இடத்தில் நிறுத்துகிறேன்:

‘தீக்குச்சி மைக் முன்னால் வந்து நின்றாள். உயரம் எட்டவில்லை. பியூன் வந்து மைக்கைத் தாழ்த்தினார். கணக்கு சார் அவளுக்கு இடப்பக்கம் நின்றார். கீழே முதல் வரிசையில் அக்கா. தீக்குச்சி வாயைத் திறந்து…’

இனி உங்கள் பாடு. இவ்வளவு தூரம் சும்மா படித்துக்கொண்டுதானே வந்தீர்கள், ஒரு வரி எழுதுங்கள். அவளை மன்னிப்புக் கேட்க வைத்தால் மலரில் அச்சாகும், கைதட்டல் உண்டு. மாட்டேன் என்று இறங்க வைத்தால் நீங்கள் கைதட்டிக்கொள்ளலாம், ஆனால் அவளுக்கு அடுத்த பள்ளியையும் அவள் அம்மாவுக்கு அடுத்த வேலையையும் நீங்களே தேடிக் கொடுங்கள். எதை எழுதினாலும் கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். மணி அடிக்கப்போகிறது, முதல் பீரியட் அவளுக்குக் கணக்கு.